எண்ணெய் மாமாவின் பிறேக்

எங்கள் ஒழுங்கையில் எந்தக் கேற்றும் கிறீச்சிடாத சில வருடங்கள் இருந்தன. அதற்குக் காரணம் ஒரு மனிதர். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போக அவர் தன்னுடைய பழைய காரில் வருவார். பிள்ளை சப்பாத்தைப் போட்டு, தண்ணீர்ப் போத்தலை மறந்து, திரும்ப ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வருவதற்குள் அவர் இறங்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து, கேற்றின் பிணைச்சலில் ஒரு துளி விட்டிருப்பார். யாரும் அவரைக் கேட்டதில்லை. யாரும் வேண்டாமென்று சொன்னதுமில்லை.

பிள்ளைகளே, அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. காருக்குள் அந்த நாள் பிள்ளைகள் வைத்த பெயர் போதும்: எண்ணெய் மாமா. மூத்தவளுக்கு அவரை ஞாபகம் இருக்கும். சின்னவன் அவரைக் கண்டதில்லை. அவர் ஏன் எங்கள் அன்புவழிபுரத்துக்கு வருவதை விட்டார் என்று இப்போது அவன்தான் கேட்கிறான். அதனால் எழுதுகிறேன்.

அவரால் வெறும் இரும்பைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வர்ணம் பூசாத, எண்ணெய் தொடாத இரும்பு எங்கே கண்ணில் பட்டாலும் கை தானாகப் பைக்குள் போகும். மூத்தவளின் கவராயத்தின் மூட்டு, குடைக் கம்பி, சாப்பாட்டுப் பெட்டியின் கொளுக்கி எல்லாவற்றிலும் அவருடைய துளி இருந்தது. ஒருமுறை கோயில் மணியின் சங்கிலிக்கும் எண்ணெய் போடப் போனார்.

“ஐயா, மணிக்கு வேண்டாம். மேல கொளுக்கி இருக்கெல்லோ, அதுக்கு மட்டும் ஒரு சொட்டு” என்று ஐயரிடம் கேட்டிருக்கிறார். ஐயர் போத்தலை வாங்கி மணந்து பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாராம்.

“இது என்ன எண்ணெய்?”

“சுறா எண்ணெய்தான் ஐயா. சுத்தமானது. நானே உருக்கினனான்.”

அதற்குப் பிறகு அவர் தேங்காய் உடைக்கிற இடத்தைத் தாண்டி உள்ளே வர ஐயர் விடவில்லை என்று ஊரில் கதை. அவரே அதைச் சொல்லிச் சிரிப்பார்.

சுறாவின் ஈரலை உருக்கி எடுக்கிற எண்ணெய் அது. முன்பு அவருடைய ஊரான சல்லிக் கடற்கரையில் மரத்தோணிகளுக்கு அதைத்தான் பூசுவார்கள். இப்போது எல்லாம் பைபர் படகு. அதற்கு எண்ணெய் தேவையில்லை. அவர் மட்டும் விடவில்லை. அவருடைய சட்டை, காரின் இருக்கை, அவர் பிள்ளைகளுக்குத் தின்னக் கொடுக்கிற ரொபி, எல்லாம் அந்த மணம்தான். வெயில் ஏறினால் காருக்குள் மீன் பொரிப்பதுபோல இருக்கும் என்று மூத்தவள் சொல்லுவாள்.

அவர் முந்தி கடலுக்குப் போனவர். பிறகு விட்டுவிட்டார். மனைவி காலமாகி, ஒரே மகள் கல்யாணம் கட்டித் தூர ஊருக்குப் போன பிறகு, அவருக்கு மிச்சமிருந்தது அந்தக் காரும் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகளும்தான். காலையில் ஏற்றிக்கொண்டு உவர்மலைப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் விடுவார். மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து ஒவ்வொரு வீட்டிலும் இறக்குவார். அந்த ஓட்டத்தை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை. வேறு ஆட்களும் இல்லை.

நான் அப்போதும் இப்போதும் கப்பல்துறையில், கண்டி வீதியோரம் இருக்கிற கராஜில்தான் வேலை. முதலாளி கிண்ணியாக்காரர். எல்லாருக்கும் அவர் நானா. ஒருநாள் எண்ணெய் மாமா அங்கே காரைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

“என்ன அண்ணன், காருக்கு என்ன வருத்தம், காய்ச்சலா?” என்று நானா கேட்டார்.

“பிறேக் பிடிச்சா இடப்பக்கம் போகுது நானா. நான் நேராப் போவம் எண்டுறன், அது தன்ர பாட்டுக்குத் திரும்புது. கலியாணம் கட்டினமாதிரி இருக்கு.”

“அப்ப பழகிரும். எதுக்கு இஞ்ச கொண்டு வந்தீங்க?”

பழைய இங்கிலாந்துக் கார் அது, என்னிலும் வயது கூடியது. நாலு சில்லுக்கும் டிரம் பிறேக். டிரம் பிறேக் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லுகிறேன், கேளுங்கள். ஒரு சட்டியைக் கவிழ்த்து அதற்குள் இரண்டு கைகளையும் விடுங்கள். உள்ளங்கைகளை வெளிப்பக்கமாக விரித்துச் சட்டியின் உள்சுவரில் அழுத்துங்கள். சட்டி சுழன்றுகொண்டிருந்தால் நின்றுவிடும். அந்தச் சட்டிதான் டிரம். அது சில்லோடு சேர்ந்து சுழலும். உங்கள் கைகள்தான் பிறேக் சூ. உள்ளங்கைத் தோல் இருக்கிற இடத்தில் சூவுக்கு லைனிங் என்று ஒன்று ஒட்டியிருக்கும். காலால் பெடலை மிதித்தால் குழாய் வழியே பிறேக் ஒயில் போய்ச் சின்ன சிலிண்டர் ஒன்றைத் தள்ளும். சிலிண்டர் கைகளை விரிக்கும்.

கார் இடப்பக்கம் இழுத்தால் முதலில் வலப்பக்கத்தைச் சந்தேகப்பட வேண்டும். இடது சில்லு பிடிக்கிறது, வலது பிடிக்கவில்லை, அதனால்தான் கார் திரும்புகிறது. வலது முன் டிரம்மைக் கழற்றினேன். லைனிங் ஈரமாகக் கறுத்துப் போயிருந்தது. இப்படி இருந்தால் வழக்கமாக சிலிண்டர் ரப்பரில்தான் கசிவு. ரப்பரை மாற்றினேன். ஒரு பக்கத்துக்கு மட்டும் புது லைனிங் போட்டால் மறுபடியும் இழுக்கும் என்பதால் இரண்டு பக்கமும் புதிது போட்டேன். குழாயில் காற்று நிற்காமல் ஒயிலை எடுத்து நிரப்பினேன். சீனன்குடாப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங்கைக் கைவிட்டுப் பிறேக் பிடித்தாலும் நேராக நின்றது.

கொஞ்ச நாளில் திரும்ப வந்தார்.

“தம்பி, அது பழைய குணத்துக்கு வந்திட்டுது.”

திறந்தால் அதே ஈரம். சிலிண்டரில் கசிவில்லை. சில்லின் நடுவிலிருக்கிற கிறீஸ் உருகி வருகிறதோ என்று அதன் அடைப்பை மாற்றினேன். அதற்குப் பிறகும் வந்தார். சிலிண்டரையே புதிதாகப் போட்டேன். பிறகும் வந்தார். நானாவுக்கு என்னில் கோபம் வரத் தொடங்கியது. எனக்கு என் கையிலேயே நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. தன் சொந்தப் பிள்ளை ஏறிப்போகிற காரின் பிறேக்கில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாத தகப்பன் எப்படி நித்திரை கொள்ளுவான்?

“மாமான்ர கார் நிண்டா பூனையள் வரும் அப்பா” என்று மூத்தவள் சொல்லியிருந்தாள். நான் அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டேன்.

கராஜில் ஒரு மஞ்சள் பூனை இருந்தது. சாப்பாட்டுக்கும் எழும்பாத சோம்பேறி. அன்றைக்கு எண்ணெய் மாமா காரை நிறுத்தி இறங்கியதும் அது எழும்பி, நேரே காருக்குக் கீழே போய், வலது முன் சில்லின் உள்பக்கத் தட்டை நக்கிக்கொண்டிருந்தது. நான் படுத்துக்கொண்டு உள்ளே போனேன். அந்தத் தட்டில் சூவைச் சரிப்படுத்துவதற்கென்று ஒரு சின்னத் துளை இருக்கும். அதற்கு ரப்பர் மூடி. மூடியைச் சுற்றி மினுங்கியது. விரலை வைத்து மணந்தேன். டிரம்மைக் கழற்றினேன். உள்ளே லைனிங்கில் கோழி இறகின் ஒரு துண்டு ஒட்டியிருந்தது.

அந்தக் காரும் அவரும் எப்போதும் சுறா எண்ணெய் மணத்ததால், பிறேக்குக்குள்ளிருந்து அதே மணம் வந்தது எங்கள் யாருடைய மூக்குக்கும் எட்டவில்லை. பூனைக்கு எட்டியிருக்கிறது.

“அண்ணை, இதுக்குள்ள எண்ணெய் விடுறனீங்களோ?”

அவர் வெட்கப்படவில்லை. ஆச்சரியப்பட்டார். “பின்ன விடாமல்? உள்ளுக்குள்ள முழுக்க வெறும் இரும்பு தம்பி. நான் கடற்கரையிலயெல்லோ காரை விடுறனான். ஒரு இரவில கறல் பிடிச்சுச் செம்மஞ்சளாப் போகுது. பாத்துக்கொண்டு இருக்கச் சொல்லுறீங்களோ?”

“எப்பிடி விடுறனீங்கள்?”

“இறகில தோய்ச்சு அந்தத் துளையால தடவுறது. இடப்பக்கம் மதிலோட முட்டிக்கொண்டு நிக்கும், அங்கால கை போகாது. வலப்பக்கம் வடிவாத் தடவுவன்.”

கார் ஏன் இடப்பக்கம் இழுத்தது என்று இப்போது உங்களுக்கும் விளங்கியிருக்கும். சட்டிக்குள் கையை விடுவதற்கு முன் கையில் எண்ணெய் பூசியிருந்தால் எப்படி? அதைத்தான் அவருக்குச் சொன்னேன். காரில் எல்லா இரும்புக்கும் எண்ணெய் பூசலாம், இந்த ஓர் இடத்துக்கு மட்டும் கூடாது என்றேன். இது வெறுமையாகக் கிடந்தால்தான் பிடிக்கும், இரவில் கறல் பிடித்தாலும் காலையில் முதல் பிறேக்கிலேயே உரசிப் போய்விடும் என்றேன். அவர் டிரம்மின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் சலவைச் சோடா போட்டுக் கழுவித் துடைத்த இரும்பு கண்ணாடிபோல இருந்தது.

“எங்கட அண்ணையும் இப்பிடித்தான் சொன்னவர்” என்றார்.

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். அண்ணனும் அவரும் ஒரே படகில் போனவர்கள். நங்கூரச் சங்கிலியையும் கயிற்றையும் பிணைக்கிற இரும்பு வளையத்தில் ஒரு ஆணி இருக்கும். அதற்கு எண்ணெய் போட வேண்டுமென்று இவர் சொல்ல, நல்லாத்தானே இருக்கு என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். வெளியில் பார்க்க நல்லாத்தான் இருந்தது. துறைமுக வாய்க்கு வெளியே காற்று மாறிய ஒரு விடியலில், அண்ணன் படகில் படுத்திருக்க, இவர் அன்றைக்கு வேறு படகில் வலை எடுத்துக்கொண்டிருக்க, அந்த ஆணி முறிந்து விட்டது. படகு பாறைக்குப் போனது. அண்ணன் திரும்பி வரவில்லை.

“மரம் அழுகினா மணக்கும் தம்பி. கயிறு நைஞ்சா தும்பு வரும். இரும்பு சொல்லாது. உள்ளுக்குள்ள செத்துக்கொண்டு வெளியில சிரிச்சுக்கொண்டு நிக்கும்.”

நானா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். பிறகு எண்ணெய் மாமா, “இனித் தொடமாட்டன். பிள்ளையள் ஏறுற கார். சத்தியமாத் தொடமாட்டன்” என்றார்.

அவர் சொன்னபடி இருந்தார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பதை நான் காலையில் காரைப் பார்த்தே அறிந்துகொள்ளுவேன். முதல் பிறேக்கில் டிரம் கறலை உரசுகிற சத்தம் வரும்போது பல்லைக் கடிப்பார். எங்கள் கேற்றுக்கு முந்திய அளவைவிடக் கூடுதலாக எண்ணெய் விழுந்தது. பிணைச்சலிலிருந்து வழிந்து மதிலில் கோடு போட்டது. உங்கள் அம்மா, “பாவம், அந்த மனிசன் கைக்குச் சாப்பாடு போடுறார்” என்று சொன்னா.

பிறகு மழை வந்தது. மார்கழி மழை எங்கள் பக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இரவு முழுக்க ஹாண்ட் பிறேக் போட்டு நின்ற காரில், ஈரத்தில் கறல் பிடித்துச் சூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டது. காலையில் கார் அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் சோதனை நாள். வெள்ளைச் சட்டையோடு ஒழுங்கை முழுக்கப் பிள்ளைகள் குடைக்குக் கீழே நின்றார்கள். எல்லாரும் ஓட்டோ பிடித்துப் பிந்திப் போனார்கள். நான் மோட்டார் சைக்கிளில் சல்லிக்குப் போய் டிரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டிச் சில்லை விடுவித்தேன். அவர் மழையில் நனைந்துகொண்டு பக்கத்தில் நின்றார்.

“இது சின்ன விசயம் அண்ணை. இரவில ஹாண்ட் பிறேக் போடாதேங்கோ. கியரில விட்டு, சில்லுக்குக் கல்லை வையுங்கோ. ஒட்டாது.”

“பிள்ளையள் பாத்துக்கொண்டு நிண்டிருக்கும் என்ன?”

“ஒரு நாள்தானே.”

“எங்கட அண்ணைக்கும் ஒரு நாள்தான் தம்பி.”

கல்லை வைக்க மறக்காதேங்கோ என்று திரும்பவும் சொல்லிவிட்டு வந்தேன்.

உவர்மலையிலிருந்து இறங்குகிற வீதி சரிவானது. மழை விட்டு வெயில் எறித்த ஒரு மத்தியானம், பிள்ளைகள் நிறைந்த கார் அந்தச் சரிவில் நிற்கவில்லை. அவர் பெடலை மிதித்தார், கார் ஒரு பக்கம் திரும்பியது, ஆனால் வேகம் போதியளவு குறையவில்லை. ஓர் ஓட்டோவை உரசாமல் தப்பி, வீடு கட்டுகிறவர்கள் கொட்டி வைத்திருந்த மணற் குவியலில் அவரே கொண்டுபோய்ச் செருகினார். சாப்பாட்டுப் பெட்டிகள் திறந்து சோறு இருக்கையெல்லாம் கொட்டியது. மூத்தவளின் நெற்றி வீங்கியது. மற்றப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. அவர் ஒவ்வொரு பிள்ளையாக இறக்கித் தலையைத் தடவிப் பார்த்தாராம். அவருடைய முகத்தைப் பார்த்து அந்தப் பிள்ளைகளில் சின்னவள் ஒருத்தி, “மாமா அழாதேங்கோ” என்றாளாம்.

காரைக் கட்டி இழுத்து வந்து கராஜில் வைத்துத் திறந்தோம். நானாவும் நானும் அவரும். டிரம் எண்ணெயில் மினுங்கியது.

“கொஞ்சம்தான்” என்றார் அவர். “ஒரு இறகு. ஒரே ஒரு இறகு. அந்த மழைக்குப் பிறகு... நான் நினைச்சுச் செய்யேல்லை தம்பி. கல்லு வைக்கத்தான் குனிஞ்சனான்.”

நானா கையைச் சீலையில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார். எண்ணெய் மாமா அங்கால் போனதும் என்னிடம், “தம்பி, வாகனத்துக்கு வருத்தமில்ல. வருத்தம் மனிசன்ட கையில இரிக்கி. அதுக்குப் பார்ட்ஸ் எங்க எடுக்குற?” என்றார்.

தாய்மாருடைய போன் குழுவில் அன்றைக்கு ஒரே சத்தம். சிலர் திட்டினார்கள், சிலர் அழுதார்கள். முடிவு ஒன்றுதான். இனி அந்தக் காரில் ஒரு பிள்ளையும் ஏறாது. எண்ணெய் மாமாவின் போனில் அந்தக் குழு இல்லை. அவரிடம் போய்ச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. எல்லாரும் அவரை விரும்பியதால்தான் முன்வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் போனேன்.

நாங்கள் சனிக்கிழமையே காரைத் திருப்பிக் கொடுத்திருந்தோம். அவர் அதன் பக்கத்தில் மணலில் குந்திக்கொண்டிருந்தார். நான் சொல்ல வந்ததை நின்றபடியே சொல்லி முடித்தேன். இருந்து சொல்ல என்னால் முடியவில்லை.

“எல்லா வீடும் அப்பிடியே சொன்னவை?” என்று கேட்டார்.

“ஓம் அண்ணை. எல்லா வீடும்.”

“உங்கட வீடும்?”

“எங்கட வீடும்.”

“சரிதான் தம்பி” என்றார். “சரியான கதைதான்.” எழும்பிப் போய் எனக்கு ரீ போட்டுக்கொண்டு வந்தார். குடித்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலையில் வழக்கமான நேரத்துக்கு ஒழுங்கை முனையில் கார்ச் சத்தம் கேட்டது. உங்கள் அம்மா என்னைப் பார்த்தா. நான் வெளியே போனேன். கார் எங்கள் கேற்றுக்கு நேரே வந்து, சர்ர் என்று இரும்பு உரசி, ஒரு சாணும் அங்கால் இங்கால் போகாமல் நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் தெரியும். நாலு டிரம்மும் உலர்ந்திருந்தன. நான் போன பிறகு அவர் அவ்வளவையும் கழற்றி, சோடா போட்டுக் கழுவி, மதிலோரம் நின்ற காரை இழுத்து மற்றப் பக்கத்தையும் செய்து, ஒரு துளி பூசாமல் அப்படியே மூடியிருக்கிறார். அவருடைய விரல்கள் சோடாவில் வெளிறித் தோல் உரிந்திருந்தன. முதல்தடவையாக அந்தக் காரில் மணமே இல்லை.

அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, “கேட்டனீங்களோ தம்பி?” என்றார்.

“கேட்டது அண்ணை.”

“பிடிக்குது என்ன?”

“நல்லாப் பிடிக்குது.”

“பிள்ளை வெளிக்கிட்டிட்டாவோ?”

மூத்தவள் எனக்குப் பின்னால் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். கதவுப் பக்கம் போகக் காலெடுத்தாள். நான் அவள் தோளைப் பிடித்தேன். அன்றைக்கு அந்த நகரத்தில் அதைவிட நல்ல பிறேக் உள்ள கார் இருந்திருக்காது. அதை அறிந்த ஒரே ஆள் நான். ஆனால் நாளைக்கு மழை பெய்யும். அவர் கல் வைக்கக் குனிவார். இன்றைக்குக் கேட்டாலும் நான் அதையேதான் செய்வேன், பிள்ளைகளே.

“இண்டைக்கு நான் மோட்டார் சைக்கிளில கொண்டுபோறன் அண்ணை.”

“நாளைக்கு?”

“நாளைக்கும்.”

அவர் தலையை ஆட்டினார். கோபமில்லை. ஏதோ கணக்குச் சரியாக வந்ததுபோல ஆட்டினார். கியரைப் போட்டார்.

அப்படியே திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. அடுத்த கேற்றில் நிறுத்தி ஹோர்ன் அடித்தார். காத்திருந்தார். பிறகு அதற்கடுத்த கேற்றில். மூத்தவளும் நானும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் கார் நிற்கவேண்டிய இடத்தில் நேராக, சுத்தமாக நின்றது. ஒழுங்கை முடியும்வரை ஒரு கதவும் திறந்து மூடின சத்தம் கேட்கவில்லை.